காய்ச்சலும் பாய்ச்சலும் முறை: சித்தூர்ப் பக்கம் யாராவது செய்து பார்த்தீர்களா?

நல்லேப்பிள்ளி மருமகள்

எல்லோருக்கும் வணக்கமுங்க. பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுக்காவில் நல்லேப்பிள்ளிப் பக்கம் எங்களுக்கு இரண்டரை ஏக்கர் வயல் இருக்கிறது. வீட்டுக்காரருக்குக் கோயம்புத்தூரில் வேலை, சனி ஞாயிறில்தான் வருவார். மாமனாருக்கு முட்டி வலி, வரப்பில் நடக்க முடிவதில்லை. அதனால் வயல் இப்போது என் பொறுப்பு. முதல் போகம் மழையை நம்பி, ரெண்டாம் போகம் ஆழியாற்றுத் தண்ணீரை நம்பி. போடுவது உமா நெல்.

எங்கள் வயல் கிளைவாய்க்காலின் கடைமடை. முறை வைத்துத்தான் தண்ணீர் விடுகிறார்கள், அந்த முறையிலும் மேலே இருப்பவர்கள் மடையைத் திறந்தால் மூடுவதில்லை. போன ரெண்டாம் போகத்தில் தொண்டைக் கதிர் பருவத்தில், அதாவது கதிர் வெளியே வரும் சமயத்தில், எங்கள் வயலில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. ரெண்டு பர்லாங் மேலே கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. அறுத்துத் தூற்றினால் பதர்தான் அதிகம்.

கிருஷி பவன் (வேளாண் அலுவலகம்) கூட்டத்தில் துளை போட்ட பிளாஸ்டிக் குழாய் ஒன்றைக் காட்டினார்கள். வயலில் அதை நட்டு வைத்து, தண்ணீர் மண்ணுக்குக் கீழே இறங்கியபிறகு பாய்ச்சினால் போதும், விளைச்சல் குறையாது என்றார்கள். இதற்குத்தான் காய்ச்சலும் பாய்ச்சலும் என்று பெயர், பிலிப்பைன்ஸில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் முறையாம். வீட்டுக்கு வந்து சொன்னேன். மாமனார், "நெல்லுக்குத் தண்ணி, பிள்ளைக்குத் தாய்ப்பால். நடுவுல நிறுத்தினா சவலைதான் மிஞ்சும்" என்று சொல்லிவிட்டார். நாற்பது வருடம் வயலில் நின்றவர் வார்த்தையைத் தட்டவும் முடியவில்லை.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். நிஜமாகவே விளைச்சல் குறையாதா? எங்கோ ஒரு நாட்டில் கண்டுபிடித்தது நம் மண்ணுக்கு ஒத்துவருமா? அப்புறம், தண்ணீரே வராத கடைமடைக்காரி நான் சிக்கனம் பிடித்து என்ன ஆகப்போகிறது?

கொழிஞ்சாம்பாறை தென்னை

சகோதரி, நாங்கள் நெல்லை விட்டுத் தென்னைக்கு மாறி ரொம்ப நாளாகிவிட்டது. குழாய் நட்டால் தண்ணீர் மிச்சமாகலாம், சரி. ஆனால் அரசுக் கொள்முதலுக்கு அளந்துகொடுத்த நெல்லுக்குப் பணம் கைக்கு வர மாதக்கணக்கில் காத்திருந்தோமே, அதற்கு எந்த ஆராய்ச்சி நிலையத்தில் மருந்து இருக்கிறது? நகையை அடகு வைத்து அடுத்த போகத்துக்கு உழவு கூலி கொடுத்த வீடு எங்களுடையது. விளைச்சலைக் கூட்டுங்கள் என்று எல்லோரும் சொல்லிக்கொடுக்கிறார்கள். விளைந்ததற்குக் காசு கொடுங்கள் என்று சொல்ல ஆள் இல்லை. உங்களை மனம் தளர வைக்க இதை எழுதவில்லை. வரவு செலவை எழுதிப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

கால்வாய்க்கரை

அம்மிணி, நான் மூலத்தறைக்குக் கீழே வயல் வைத்திருப்பவன். எங்கள் பாடசேகர சமிதியில் (வயல்காரர்கள் சங்கம்) சில வருடம் செயலாளராக இருந்தேன். குழாய் நட்டுத்தான் பயிர் செய்துவருகிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் மாமனார் சொன்னது. அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. தண்ணீர் நின்றால் களை முளைக்காது, அந்தக் காலத்தில் நிற்கும் தண்ணீர்தான் களைக்கொல்லி. ஆனால் நெல்லின் வேர் குடிப்பது மண்ணுக்குள் இருக்கும் ஈரத்தை. மேலே நாலு விரல் தண்ணீர் நிற்கிறதா இல்லையா என்பது வேருக்குத் தெரியாது, கீழே ஈரம் இருக்கிறதா என்பதுதான் அதற்குக் கணக்கு. அந்த ஈரம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று வரப்பில் நின்று பார்த்தால் நமக்குத் தெரியாது. குழாய் அதைக் காட்டித் தருகிறது.

ஒரு அடி நீளம், நாலிலிருந்து ஆறு அங்குல அகலம் உள்ள பைப் போதும். கீழ்ப்பாதியில் சுற்றிலும் துளை போட வேண்டும். வயலில் பாதி மண்ணுக்குள் போகும்படி அமுக்கி, உள்ளே சேர்ந்த சேற்றைக் கையை விட்டு அள்ளி எடுத்துவிட வேண்டும். நிறையப் பேர் இதைச் செய்வதில்லை. சேறு உள்ளே இருந்தால் குழாய் எதையும் காட்டாது. அப்புறம் உள்ளே நிற்கும் தண்ணீரும் வயலுக்குள் இருக்கும் தண்ணீரும் ஒரே மட்டம். ஒரு குச்சியில் அளவுக் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். மண் மட்டத்திலிருந்து 15 சென்டிமீட்டர் கீழே இறங்கும்வரை நெல் வாடாது. அப்போது பாய்ச்சினால் போதும், மேலே 5 சென்டிமீட்டர் நிற்கும் அளவுக்கு. காலையில் எட்டிப் பார்த்தால் சில நாள் உள்ளே தவளை உட்கார்ந்திருக்கும். நண்டு துளையை அடைத்திருக்கும். வெளிப்பக்கம் கொசுவலைத் துண்டைச் சுற்றிக் கட்டினால் அந்தத் தொந்தரவு பாதி குறையும்.

நட்ட முதல் இரண்டு வாரம் காயப் போடாதீர்கள், களை ஏறிவிடும். பூக்கும் பருவத்துக்கு ஒரு வாரம் முன்னாலிருந்து ஒரு வாரம் பின்னால்வரை தண்ணீர் நின்றே ஆக வேண்டும். அந்த நாட்களில் உங்கள் மாமனார் சொல்தான் வேதம். உங்களுக்குப் பதர் விழுந்ததற்குக் காரணம் அந்தச் சமயத்தில் காய்ந்ததுதான். அதற்கு வெகு முன்னால் காய்ந்திருந்தால் இவ்வளவு நஷ்டம் வந்திருக்காது.

மண் விஷயம் முக்கியம். வடகரப்பதி, எருத்தேம்பதிப் பக்கம் கரிசல் மண். அதைப் பெரிய வெடிப்பு விடும்வரை காயப் போட்டால், பாய்ச்சும் தண்ணீர் வெடிப்பு வழியாகப் பாதாளத்துக்குப் போய்விடும், மிச்சம் பிடித்தது எல்லாம் ஒரே நாளில் போச்சு. கரிசலில் மயிரிழை வெடிப்பு தெரிந்ததுமே பாய்ச்ச வேண்டும். மணல் கலந்த மேட்டு வயலில் தண்ணீர் மூன்றே நாளில் இறங்கிவிடும், அங்கே இந்த முறையில் பெரிய லாபம் கிடையாது. களிமண் வயலுக்குத்தான் இது உயிர். யூரியா போடுவதானால் காய்ந்த வயலில் போட்டு உடனே பாய்ச்சுங்கள். போட்டுவிட்டு மாறி மாறிக் காய விட்டால் சத்து காற்றோடு போய்விடும்.

"எங்கோ ஒரு நாட்டில்" என்று எழுதியிருந்தீர்கள். அந்த நிலையம் லாஸ் பானோஸ் என்ற ஊரில் 1960இல் தொடங்கியது. ஐ.ஆர்.8 நெல் 1966இல் அங்கிருந்து வந்ததுதான். நம் தாத்தா காலத்தில் "ஐயாரெட்டு" என்றால் தெரியாத விவசாயி இல்லை. வட ஆற்காட்டில் ஒரு விவசாயி தன் பிள்ளைக்கே அந்த நெல்லின் பெயரை வைத்தார். இந்தக் குழாயையும் அவர்கள் ஆய்வுக்கூடத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. 2002வாக்கில் பிலிப்பைன்ஸின் தார்லாக் மாகாணத்தில், ஒரே ஆழ்துளைக் கிணற்றைப் பங்கிட்டுக்கொள்ளும் விவசாயிகளின் வயலில்தான் நட்டுக் காட்டினார்கள். அங்கே பம்பு ஓடுவது விவசாயியின் காசில். தண்ணீர் குறைந்தால் எண்ணெய்ச் செலவு குறைந்தது, உடனே புரிந்துகொண்டார்கள். தண்ணீரில் 30 சதவீதம் வரை மிச்சமாகிறது, விளைச்சல் குறையவில்லை. சேற்றில் காற்றுப் புகுவதால் மீத்தேன் வாயு ஏறக்குறைய பாதியாகிறது என்பதும் அளந்து பார்த்த கணக்குதான்.

நம் ஊரில் சிக்கல் வேறு. கால்வாய்த் தண்ணீருக்கு அளவுப்படி காசு கிடையாது. மேல்மடைக்காரன் மிச்சம் பிடித்தால் அவன் பையில் ஒரு ரூபாய் சேராது. மிச்சமாகும் தண்ணீர் உங்களுக்கு வரும். அதாவது மிச்சம் பிடிக்க வேண்டியவர் ஒருவர், பலன் அடைபவர் இன்னொருவர். அதனால் கடைமடையில் நீங்கள் மட்டும் குழாய் நட்டால் எப்போது வாடப் போகிறது என்று முன்கூட்டித் தெரியுமே தவிர, தண்ணீர் வராது. உங்கள் மூன்றாவது கேள்வி ரொம்பச் சரியான கேள்வி, கூட்டங்களில் இதை யாரும் கேட்பதில்லை.

நாங்கள் என்ன செய்தோம் என்று சொல்கிறேன். முதல் குழாயை மேல்மடையில், எல்லோரையும்விட அதிகம் தண்ணீர் கட்டுகிறவர் வயலில் நட்டோம். அவரிடம் மடையை அடைக்கச் சொல்லவே இல்லை. முறை முடிந்து வயல் மேல்புறம் காய்ந்ததும் அவர் பதறிக்கொண்டு மடைக்கு ஓடினார். கூட்டிவந்து குழாயைக் காட்டினோம். மேலே கால் ஒட்டாத அளவுக்கு உலர்ந்திருந்தது, குழாய்க்குள் நாலு விரல்கடை கீழே தண்ணீர் பளபளவென்று நின்றது. ரொம்ப நேரம் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். கையை விட்டும் பார்த்தார். அடுத்த முறைக்கு இன்னும் ரெண்டு நாள் பொறுக்கலாம் என்று அவரே சொன்னார். அதற்கப்புறம்தான் சமிதியில் பேசி, தண்ணீர் திறந்ததும் முதல் பாய்ச்சல் கடைமடைக்கு, மேலே கடைசியில் என்று ஏற்பாடு செய்தோம். பூக்கும் வாரத்தில் யார் வயல் இருக்கிறதோ அவர்களுக்கு முதலிடம். எல்லா வருடமும் சண்டையில்லாமல் போகிறது என்று சொல்ல மாட்டேன். ஆனால் கடைமடை இப்போது தரிசு கிடப்பதில்லை.

தமிழ்நாடு கேரளத்துக்கு மணக்கடவில் வருடத்துக்கு 7.25 டிஎம்சி ஆழியாற்றுத் தண்ணீர் விட வேண்டும் என்று பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது. அதை வைத்து ரெண்டு மாநிலமும் பேசிக்கொள்ளட்டும், பேச வேண்டியதுதான். ஆனால் வந்த தண்ணீர் நம் கிளைவாய்க்காலுக்குள் எப்படிப் பிரிகிறது என்பது நம் கையில் இருக்கிறது. ஒரு கிலோ நெல் விளையச் சராசரியாக 2,500 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்பது அந்த நிலையத்தின் கணக்கு. அதில் ஒரு நல்ல பங்கு பயிர் குடிப்பது இல்லை அம்மிணி, வரப்பு வழியாகவும் மண்ணுக்குள்ளும் சும்மா போவது.

தென்னைக்காரத் தம்பி சொன்னதை மறுக்க மாட்டேன். காசு தாமதமாவது பெரிய அநியாயம். அதற்காக நானும் எத்தனையோ வாசல் ஏறியிருக்கிறேன். ஆனால் ஒன்று சொல்கிறேன், தம்பி. பணம் தாமதமாகும்போது நம்மை மூழ்கடிப்பது செலவுக்கு வாங்கிய கடன்தான். வியட்நாமின் மேகாங் படுகையில் இந்த நிலையமும் அந்நாட்டு அரசும் சேர்ந்து "ஒன்று கட்டாயம், ஐந்து குறைப்பு" என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். கட்டாயம் என்பது சான்று பெற்ற விதை. குறைக்க வேண்டியது விதை அளவு, உரம், பூச்சிமருந்து, தண்ணீர், அறுவடைக்குப் பிந்திய சேதாரம். விளைச்சலைக் கூட்டு என்று சொல்லாமல் செலவைக் குறை என்று ஆரம்பித்தார்கள். சின்ன விவசாயிக்கு இந்தப் பக்கத்திலிருந்து வரும் ஆராய்ச்சிதான் சோறு போடும் என்பது என் எண்ணம்.

பட்டாம்பி விதை

கால்வாய்க்கரை ஐயா எல்லாம் சொல்லிவிட்டார். அக்கா கேட்ட "எங்கோ ஒரு நாட்டில் கண்டுபிடித்தது" என்பதற்கு மட்டும் நான் கொஞ்சம். விதைப்பண்ணை வேலையில் இருக்கிறேன்.

நம் வீடுகளில் ஆக்கும் ஜோதி மட்டை அரிசி 1974இல் வந்த ரகம். பட்டாம்பி நெல் ஆராய்ச்சி நிலையத்தின் பிடிபி 10 நெல்லையும் ஐ.ஆர்.8ஐயும் கலந்து எடுத்தது. பாதி பாலக்காடு, பாதி பிலிப்பைன்ஸ். அந்த ஐ.ஆர்.8க்கும் தாய் தகப்பன் இந்தோனேசியாவின் பேட்டாவும் தைவானின் குட்டை நெல்லான டீ-கியோ-வூ-ஜென்னும். இதெல்லாம் ஒருவழிப் போக்கு இல்லை. இங்கிருந்தும் போயிருக்கிறது. புகையான் பூச்சிக்கு எதிர்ப்பு உள்ள ரகங்களைச் சோதிக்கும்போது, "இதுபோல் தாங்க வேண்டும்" என்று பக்கத்தில் நட்டு ஒப்பிடுவது பிடிபி 33 நெல்லை. உலகம் முழுக்க அதைத்தான் நடுகிறார்கள். நம் பட்டாம்பி நெல், அக்கா. 1976இல் வந்து ஒரு கோடி ஹெக்டேருக்கு மேல் பரவிய ஐ.ஆர்.36இன் வம்சத்திலும் பிடிபி 18, பிடிபி 21 இருக்கின்றன. அதில் இன்னொரு பங்கு உத்தரப் பிரதேசத்தில் சேகரித்த ஒரு காட்டு நெல்லுடையது. புல்குட்டை நச்சுயிரி நோயைத் தாங்கும் குணம் அந்த ஒரு காட்டு நெல்லிடமிருந்துதான் கிடைத்தது.

லாஸ் பானோஸின் விதை வங்கியில் 1,30,000க்கும் மேற்பட்ட நெல் மாதிரிகள் குளிரறையில் இருக்கின்றன. கம்போடியாவில் போரும் பஞ்சமும் வந்து விவசாயிகளின் விதைநெல் தொலைந்துபோனபோது, முன்னால் சேகரித்து வைத்திருந்த அவர்கள் நாட்டு நெல்லையே அங்கிருந்து திருப்பிக் கொடுத்தார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும். வெள்ளத்தில் இரண்டு வாரம் மூழ்கினாலும் பிழைக்கும் ஸ்வர்ணா சப்-1 இந்தியாவில் 2009இல் வந்தது. அதன் தாங்கும் குணம் ஒடிசாவின் எஃப்.ஆர்.13ஏ என்ற நாட்டு நெல்லுடையது. அந்த நிலையத்துக்கு 1982 முதல் 1988 வரை தலைமை இயக்குநராக இருந்த எம்.எஸ். சுவாமிநாதன் கும்பகோணத்தில் பிறந்தவர், பூர்வீகம் குட்டநாட்டு மங்கொம்பு. அக்கா போடும் உமா நெல் வந்தது அதே மங்கொம்பின் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து.

பூச்சி பற்றி ஒரு வார்த்தை. நட்ட முதல் முப்பது நாளில் இலை சுருண்டாலும் கடித்தாலும் மருந்து அடிக்காதீர்கள். அந்த வயதில் பயிர் தன்னால் தேறிக்கொள்ளும். அடித்தால் சாவது சிலந்தியும் மிரிட் நாவாய்ப்பூச்சியும். அவை போனால் புகையானைத் தின்ன ஆள் கிடையாது. இந்தோனேசியாவில் இப்படித்தான் மருந்து அடிக்க அடிக்கப் புகையான் பெருகி, 1986இல் நெல்லுக்கு 57 மருந்துகளைத் தடை செய்தார்கள். யூரியாவை அள்ளிப் போட்டாலும் புகையானுக்குக் கொண்டாட்டம். இலையின் பச்சையை ஒப்பிட்டுப் பார்க்கும் இலை வண்ண அட்டை கிடைத்தால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காலை எட்டிலிருந்து பத்து மணிக்குள், உங்கள் நிழல் இலையில் விழும்படி நின்று, பத்துப் பயிரில் பார்க்க வேண்டும். ஆறு பயிரில் நாலாம் பச்சைக்குக் கீழே வெளுத்திருந்தால் மட்டும் யூரியா. பச்சையாக இருக்கும்போது போடுவது பணத்தைக் கரைப்பது.

விதையை மாற்றலாமா என்று தோன்றினால், அவசரப்பட வேண்டாம். உமா நல்ல நெல், புகையானையும் ஓரளவு தாங்கும். உங்கள் பிரச்சினை விதையில் இல்லை, மடையில் இருக்கிறது.

நல்லேப்பிள்ளி மருமகள்

எல்லோருக்கும் ரொம்ப நன்றிங்க. கால்வாய்க்கரை அண்ணா, நீங்கள் எழுதியதை மாமனாருக்கு வாசித்துக் காட்டினேன். பூக்கும் வாரத்தில் அவர் சொல்தான் வேதம் என்ற இடத்தை ரெண்டு தடவை வாசிக்கச் சொன்னார். ஒரு மூலையில் பத்து சென்ட் அளவுக்கு வரப்புப் பிரித்து அங்கே மட்டும் முதலில் பார்க்கட்டும் என்று சம்மதித்திருக்கிறார். மேல்மடைக்காரர் எங்களுக்கு ஒரு வகையில் சொந்தம், பேச்சு வார்த்தை குறைவு. ஆனாலும் அவர் வீட்டு அக்காவிடம் கேட்டிருக்கிறேன், பைப் நாங்களே வாங்கித் தருகிறோம் என்று. எங்கள் மண் களிதான், கரிசல் இல்லை. குழாயை வயலில் எந்த இடத்தில் நட வேண்டும்? காய விட்டால் வரப்பில் எலி வளை போடுமே, அதற்கு என்ன செய்கிறீர்கள்?

தென்னை அண்ணா, வரவு செலவு நோட்டுப் போட ஆரம்பித்துவிட்டேன். போன போகத்தில் மருந்துக்கு மட்டும் போன தொகையைக் கூட்டிப் பார்த்தபோது எனக்கே பகீரென்றது.

கால்வாய்க்கரை

வீட்டு அக்காவிடம் பேசியது நல்ல வழி, அம்மிணி. மடைச் சண்டை ஆண்கள் பேசினால் பழைய கணக்கு எல்லாம் கிளம்பிவிடும்.

குழாயை வரப்பிலிருந்து ஒரு மீட்டர் உள்ளே, வரப்பில் நின்றே எட்டிப் பார்க்கும் தூரத்தில் நடுங்கள். வயலின் மேடும் பள்ளமும் இல்லாத சராசரி மட்டம் உள்ள இடமாகப் பாருங்கள். பள்ளத்தில் நட்டால் எப்போதும் தண்ணீர் காட்டி ஏமாற்றும். உழும்போதே வயலைச் சமமாகப் பரம்படித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மேடு பள்ளமான வயலில் எந்தக் குழாயும் உதவாது.

எலிக்கு, வரப்பை ஒல்லியாக வையுங்கள். அகலமான வரப்பில்தான் வளை தோண்டும். நாற்று விடுவதற்கு முன்பே பக்கத்து வயல்காரர்களோடு சேர்ந்து ஒரே நாளில் வளை வெட்டி எடுத்தால்தான் பலன், தனியாகச் செய்தால் அடுத்த வரப்புக்குக் குடிபோகும்.

கதிர் முற்றியதும் அறுவடைக்குப் பத்துப் பதினைந்து நாள் முன்னால் தண்ணீரை நிறுத்திவிடுங்கள். தமிழ்நாட்டிலிருந்து வரும் அறுவடை இயந்திரம் சேற்றில் மாட்டினால் வாடகை மணிக்கணக்கில் ஏறும். அது வருவதற்கு முந்தின நாளே குழாயைப் பிடுங்கி, கழுவி, நிழலில் வைத்துவிடுங்கள். அடுத்த போகத்துக்கு அதே போதும்.